நுரையீரல் கட்டியும் காடோலினிய ஊசியும்

1977 ஜூலை 3ஆம் தேதி அதிகாலை, நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ரேமண்ட் டமாடியனும் அவருடைய மாணவர்களும் உயிருள்ள ஒரு மனிதரின் உடலை முதன்முதலாகக் காந்த அதிர்வு முறையில் (எம்.ஆர்.ஐ.) படம் எடுத்து முடித்தார்கள். அதற்கு முன் டமாடியன் தானே கருவிக்குள் உட்கார்ந்து பார்த்திருந்தார். சமிக்ஞை எதுவும் வரவில்லை. தன் பருமன்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஒல்லியான மாணவர் ஒருவரை உட்கார வைத்தார். ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. கிடைத்தது மார்பின் படம்: நடுவில் இதயம், சுற்றிலும் மார்புச்சுவர், இரு பக்கமும் இருட்டாக நுரையீரல்.

டமாடியனை இந்த வேலையில் இறக்கியதே புற்றுநோய்தான். எலிகளின் கட்டித் திசுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் நல்ல திசுவில் இருப்பதைவிட அதிகம் என்று 1971இல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதியிருந்தார். (2003இல் எம்.ஆர்.ஐ.க்கான நோபல் பரிசு பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனபோது, செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டவரும் இவர்தான்.) ஆக, எம்.ஆர்.ஐ. கட்டியைத் தேடவென்றே பிறந்த கருவி. அது எடுத்த முதல் உடற்படமும் மார்புப் படம். மூளை, முதுகெலும்பு, மூட்டு, ஈரல், புராஸ்டேட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போன அந்தக் கருவி, நுரையீரலில் மட்டும் இன்றுவரை வாசலிலேயே நிற்கிறது. ரத்த நாளத்தில் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எடுத்தால் நிலைமை மாறுமா என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு கால ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: காடோலினியம் நுரையீரல் கட்டியைக் கண்டுபிடித்துத் தருவதில்லை; ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டியைப் பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் அதன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் பிறகு அளவுக்கு மீறிய அலட்சியமும் வந்தன.

நுரையீரல் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? எம்.ஆர்.ஐ. பெறும் சமிக்ஞை நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வருவது. நுரையீரலின் பெரும்பகுதி காற்று. மற்ற மென்திசுக்களில் இருக்கும் ஹைட்ரஜன் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடுதலோதான் இங்கே உண்டு. அது போதாதென்று, பல பத்துக் கோடிக் காற்றறைகளின் சுவர்களில் காற்றும் திசுவும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்விரண்டும் காந்தப்புலத்துக்குக் காட்டும் எதிர்வினை வேறு வேறு. எனவே ஒவ்வொரு சுவரிலும் புலம் நுண்ணளவில் சிதைகிறது. எழுந்த சமிக்ஞை எழுந்த வேகத்தில் அழிகிறது. 1.5 டெஸ்லா கருவியில் நுரையீரல் திசுவின் சமிக்ஞை ஒன்று அல்லது இரண்டு மில்லிவிநாடிக்குள் மங்கிவிடும். 3 டெஸ்லாவில் இன்னும் மோசம். வழக்கமான எம்.ஆர்.ஐ. முறைகள் காது கொடுக்கத் தொடங்குவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் மூச்சு, இதயத் துடிப்பு.

இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. கட்டி திடமான திசு. அதில் காற்று இல்லை. ஆகவே அதன் சமிக்ஞை அப்படி அழிவதில்லை. கருப்புப் பின்னணியில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திட நோடியூல்களை (சிறு முடிச்சுகளை) பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தவறவிடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தவறவிடுவது அதற்குக் கீழே. நான்கு மில்லிமீட்டர் புள்ளி மூச்சின் அசைவில் கரைந்துபோகும். சி.டி.யில் பனிமூட்டம் போலத் தெரியும் கண்ணாடிப்படல நிழல்கள், அதாவது அடினோகார்சினோமாவின் தொடக்க வடிவங்களில் ஒரு முக்கிய வகை, எம்.ஆர்.ஐ.யில் மிக மங்கல். கால்சியமும் தெரியாது. ஒரு நோடியூலின் நடுவே கெட்டியாகக் கால்சியம் படிந்திருந்தால் அது பழைய தழும்பு, விட்டுவிடலாம் என்று சி.டி. பார்த்தவுடனே சொல்லிவிடும், எம்.ஆர்.ஐ.யால் அதைச் சொல்ல முடியாது. ஊசி போட்டாலும் இந்தக் குறைகள் எதுவும் தீராது. சமிக்ஞையே வராத இடத்தில் கான்ட்ராஸ்ட் எதைப் பெருக்கும்?

ஆகவே தேடும் வேலையில் சி.டி.க்குப் போட்டியே இல்லை. அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வு 53,454 பேரை எடுத்துக்கொண்டு 2011இல் முடிவை வெளியிட்டது: குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்த குழுவில், மார்பு எக்ஸ்ரே எடுத்த குழுவோடு ஒப்பிட, நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. 2020இல் வெளியான டச்சு-பெல்ஜிய 'நெல்சன்' ஆய்வில் ஆண்களிடம் பத்தாண்டு முடிவில் 24 சதவீதக் குறைவு. அதற்கான கதிர்வீச்சு 1.5 மில்லிசீவெர்ட் அளவுதான். படம் எடுக்க ஒரே மூச்சு போதும். ஊசி குத்தி, அரைமணி நேரம் சத்தமிடும் குழாய்க்குள் படுக்கவைத்து, இதைவிடக் குறைவாகப் பார்க்கும் சோதனையை ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான பேருக்கு யாரும் பரிந்துரைக்கப் போவதில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு எம்.ஆர்.ஐ. வழிப் பரிசோதனையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. அங்கும் பேச்சு ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. பற்றித்தான்.

ஆனால் அதே அமெரிக்க ஆய்வு இன்னொரு சிக்கலையும் அம்பலப்படுத்தியது. சி.டி. 'சந்தேகம்' என்று சொன்னவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் அல்ல. கண்டுபிடிப்பது எளிதானதும், கண்டதை என்ன செய்வது என்பது பெரும்பாடாகிவிட்டது. ஊசிக்கு வேலை இங்கேதான் வருகிறது.

காடோலினியம் அரிய மண் உலோகங்களில் ஒன்று. அதன் அயனியில் இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை அருகில் வரும் நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜனை வேகமாகத் தளரச் செய்து படத்தில் வெளுக்க வைக்கும். தனி அயனியாக உடலுக்குள் போனால் அது நஞ்சு. எனவே ஒரு கரிமக் கூண்டுக்குள் அடைத்துத்தான் செலுத்துவார்கள். பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மான் குழு இப்படி உருவாக்கிய காடோலினியம்-டிடிபிஏ பற்றிய கட்டுரை 1984இல் வந்தது. 1988இல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த மருந்தில் 12 மில்லிலிட்டர்.

கட்டிக்கும் இந்த ஊசிக்கும் என்ன உறவு என்பதை ஜூடா ஃபோக்மனிடமிருந்து தொடங்கலாம். புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் எந்தக் கட்டியும் ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது என்று 1971இல் அவர் வாதிட்டார். (டமாடியன் கட்டுரை வந்த அதே ஆண்டு.) அந்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டப்பட்டவை, சுவர் ஓட்டை. அவற்றை வளரச் செய்யும் புரதத்துக்கு முதலில் வைத்த பெயரே நாள ஊடுருவல் காரணி என்பதுதான். ஊசி மருந்து ரத்தத்தோடு வந்து, இந்த ஓட்டைகள் வழியே கட்டித் திசுவுக்குள் கசிகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வடிகிறது. சில நொடிக்கு ஒரு படமாகச் சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து எடுத்து, கட்டியின் வெளிச்சம் ஏறி இறங்குவதை ஒரு வளைகோடாக வரைந்தால், அந்த வளைகோட்டில் கட்டியின் குணம் தெரியும் என்பது எதிர்பார்ப்பு. வேகமாக ஏறி, உச்சம் தொட்டு, இறங்கினால் புற்றுநோய். மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் தீங்கற்றது. ஏறவே இல்லையென்றால் இறந்த திசு அல்லது தழும்பு. நுரையீரலுக்கே உரிய ஒரு நுணுக்கமும் இதில் உண்டு. ஊசி மருந்து முதலில் நுரையீரல் தமனியில் பாய்ந்து நுரையீரல் முழுவதையும் ஒளிரச் செய்யும். அதன் பிறகே இடது இதயம், மகாதமனி வழியாக மூச்சுக்குழல் தமனிகளுக்கு வரும். நுரையீரல் புற்றுக்கட்டி உணவு பெறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில். ஆகவே சுற்றியுள்ள நுரையீரல் ஒளிர்ந்து அடங்கிய பின் கட்டி ஒளிரும்.

எண்களுக்கு வருவோம். இதே யோசனையை முதலில் பெரிய அளவில் சோதித்தது சி.டி.தான். மேயோ கிளினிக்கின் ஸ்வென்சன் தலைமையிலான பல மைய ஆய்வு 2000இல் 356 நோடியூல்களை எடுத்துக்கொண்டு, அயோடின் ஊசிக்குப் பின் அடர்த்தி 15 அலகுக்கு மேல் ஏறாத நோடியூல் ஏறத்தாழ நிச்சயமாகத் தீங்கற்றது என்று காட்டியது: நோயைப் பிடிக்கும் திறன் 98 சதவீதம், நோயில்லாததை விலக்கும் திறன் 58 சதவீதம் மட்டும். எம்.ஆர்.ஐ.யில் 2004இல் ஷேஃபர் குழுவின் ஜெர்மன் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அதில் உச்ச வெளிச்சத்தை அளவுகோலாகக் கொண்டபோது பிடிக்கும் திறன் 96, விலக்கும் திறன் 88 சதவீதம். வடிந்து இறங்கும் வளைகோடு புற்றுக்கட்டிகளில் மட்டுமே காணப்பட்டது. ஆனால் அவற்றிலும் பாதியில்தான். அதாவது இறங்கினால் நம்பலாம், இறங்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

2008இல் குரோனின் குழு 44 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. கான்ட்ராஸ்ட் சி.டி., கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ., கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட், ஸ்பெக்ட் ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றன. எம்.ஆர்.ஐ.க்குப் பிடிக்கும் திறன் 94, விலக்கும் திறன் 79 சதவீதம். மற்றவையும் அதை ஒட்டியே. எம்.ஆர்.ஐ. ஆர்வலர்கள் இதை வெற்றியாகப் படித்தார்கள்: கதிர்வீச்சு இல்லாமல் அதே பலன். மருத்துவமனைகள் வேறு மாதிரி படித்தன: அதே பலன்தான் என்றால் கையில் இருக்கும் சி.டி. போதுமே. இரண்டாவது படிப்புதான் ஜெயித்தது. பெட் சி.டி. வேறு அதற்குள் பரவலாக வந்துவிட்டது. அது ஒரே தடவையில் உடல் முழுக்கப் பார்த்துப் பரவலையும் சொல்லிவிடுகிறது.

அந்த 94, 79 என்ற எண்களைப் பற்றியும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலான எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் ஐம்பது, அறுபது பேரை வைத்துச் செய்யப்பட்டவை. பலவற்றில் நோயாளிகள் ஏற்கெனவே அறுவைக்கோ பயாப்சிக்கோ குறிக்கப்பட்டவர்கள். அதாவது கட்டி புற்றுநோயாக இருக்க வாய்ப்பு முன்கூட்டியே அதிகம். ஒவ்வொரு குழுவும் தன் தரவுக்குப் பொருத்தமான எல்லைக்கோட்டைத் தானே போட்டுக்கொண்டது. சி.டி.யில் அயோடின் இருமடங்கானால் அடர்த்தியும் அதற்கேற்ப ஏறும். எங்கே அளந்தாலும் 15 அலகு 15 அலகுதான். எம்.ஆர்.ஐ. காட்டுவது காடோலினியத்தை அல்ல, அதன் அருகிலுள்ள நீரின் மேல் அதன் விளைவை. வெளிச்சம் மருந்தின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறாது. கருவிக்குக் கருவி, முறைக்கு முறை மாறும். இதைச் சரிக்கட்டப் பால் டாஃப்ட்ஸ் போன்றவர்கள் உருவாக்கிய கணித மாதிரிகள், நாளத்திலிருந்து திசுவுக்கு மருந்து கடக்கும் வீதத்தைக் கணக்கிட்டுத் தருகின்றன. மூளையிலும் மார்பகத்திலும் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. மூச்சுக்கு மூச்சு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போகும் நுரையீரல் அடிப்பகுதிக் கட்டியில், எந்தப் புள்ளியின் வளைகோட்டை வரைகிறோம் என்பதே சந்தேகம். இருபது நொடி மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்லலாம். முப்பது வருடம் புகைபிடித்து நுரையீரல் அடைபட்டவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்!

நமக்கு இன்னும் நெருக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இங்கே மார்பு சி.டி. எடுத்தால் பழைய டி.பி.யின் முடிச்சுகள் கிடைப்பது சாதாரணம். ஆறி அடங்கிய டி.பி. கட்டி எம்.ஆர்.ஐ.யில் உண்மையிலேயே அழகாக வெளிப்படும்: நடுவே இறந்த திசு ஒளிராது, சுற்றிலும் மெல்லிய வளையம் மட்டும் ஒளிரும். ஆனால் உயிர்ப்போடு இருக்கும் டி.பி. கட்டி, பூஞ்சைத் தொற்று, ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியா ஆகியவற்றில் ரத்த ஓட்டம் பொங்கும். அவற்றின் வளைகோடு புற்றுநோயின் வளைகோட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் ஓனோ குழு 2002லேயே இதை உணர்ந்து, நோடியூல்களைப் புற்றுநோய், செயல்நிலைத் தொற்று, தீங்கற்றவை என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. பெட் ஸ்கேனும் டி.பி. நாடுகளில் இதே பள்ளத்தில்தான் விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 94, 79 என்ற அதே எண்களை வைத்துக்கொள்வோம். நூறு நோடியூல்களில் 60 புற்றுநோய் என்ற ஒரு அறுவைப் பிரிவில், 'புற்றுநோய்' என்று சோதனை சொல்வது 100க்கு 87 தடவை சரியாக இருக்கும். நூறில் 20 மட்டுமே புற்றுநோய், மீதி பெரும்பாலும் பழைய டி.பி. என்ற வெளிநோயாளர் பிரிவில் அதே பதில் 53 தடவைதான் சரி; கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது. விலக்கும் திறன் 79இல் நிற்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, செயல்நிலை டி.பி. அதிகமானால் அதுவும் சரியும். அதே பிரிவில் 'ஒளிரவில்லை' என்ற பதிலோ 98 தடவை சரி. ஆக, ஊசி போட்டும் ஒளிராத நோடியூலைக் குத்திப் பார்க்காமல் விட்டுப் பிடிக்கலாம். ஒளிர்ந்த நோடியூலைப் பற்றி எம்.ஆர்.ஐ. கடைசி வார்த்தை சொல்லிவிட்டதாக நினைக்கக் கூடாது. ஐரோப்பியக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்த எல்லைக்கோடுகளை அப்படியே இங்கே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதற்கிடையில் ஊசியே வேண்டாம் என்று சொல்லும் ஒரு போட்டியாளர் எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே வந்துவிட்டார். செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் சுதந்திரமாக அலைய முடியாது. அந்தத் தடையைப் படமாக்குவது டிஃப்யூஷன் முறை. பக்கவாதத்துக்காகப் புகழ்பெற்ற இந்த முறை நோடியூல்களையும் நிணநீர் முடிச்சுகளையும் தரம் பிரிப்பதில் பெட் ஸ்கேனுக்கு ஈடாக நிற்கிறது என்று, குறிப்பாக ஜப்பானியக் குழுக்கள், தொடர்ந்து காட்டிவருகின்றன. நுரையீரல் எம்.ஆர்.ஐ.யின் பயன்பாடுகளைப் பற்றி ஃபிளைஷ்னர் சங்கம் 2020இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில் இப்படிப்பட்ட முறைகள் நல்ல இடம் பிடித்திருக்கின்றன. நோடியூல் விஷயத்தில் காடோலினிய வளைகோட்டின் காலம் கொஞ்சம் கடந்துவிட்டது என்றே சொல்வேன்.

கட்டியின் எல்லை எங்கே என்ற கேள்வி வேறு. கட்டி புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வெட்டி எடுக்க முடியுமா என்று அறுவை மருத்துவர் கேட்கிறார். 1991இல் அமெரிக்காவில் வெப் குழு 170 நோயாளிகளிடம் சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் மோதவிட்டது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பொதுவாக நிர்ணயிப்பதில் இரண்டும் சமம், இரண்டுமே சுமார்தான். கட்டி நடுமார்புக்குள் ஊடுருவியதைச் சொல்வதில் மட்டும் எம்.ஆர்.ஐ. முந்தியது. அந்தக் காலத்து எம்.ஆர்.ஐ. இன்றைய கருவிக்கு உறை போடக் காணாது. ஆனாலும் அந்த முடிவின் திசை மாறவில்லை.

எம்.ஆர்.ஐ.யின் சொந்த நிலம் நுரையீரலின் உச்சி. ஃபிலடெல்பியாவின் கதிரியல் மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட் 1924லும் 1932லும் விவரித்த கட்டி அங்கே முளைப்பது. இருமல் இருக்காது, சளியில் ரத்தம் இருக்காது. தோள் வலிக்கும்; வலி கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரை போகும். தேய்மானம் என்று மாதக்கணக்கில் எலும்பு மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒரு கண் இமை தொங்கி, அந்தக் கண்பாவை சுருங்கிப்போன பிறகே யாருக்காவது பொறி தட்டும். இங்கே அறுவை மருத்துவருக்குத் தேவைப்படுவது மில்லிமீட்டர் அளவு விவரம். கைக்குப் போகும் நரம்புப் பின்னலில் முதல் மார்பு நரம்பு வேர் மட்டும் பிடிபட்டிருந்தால் அதை வெட்டலாம், கை பிழைக்கும். எட்டாவது கழுத்து நரம்பு வேரும் போய்விட்டால் கட்டியை எடுப்பது கையின் பயன்பாட்டை எடுப்பதற்குச் சமம். பெரும்பாலும் அறுவையே கைவிடப்படும். காரையெலும்புத் தமனி, முதுகெலும்புத் துளைகள் இவற்றுக்கும் இதே கேள்வி. சி.டி.யில் தோளெலும்பின் நிழல்கள் விழுந்து இந்த இடம் கலங்கும். எம்.ஆர்.ஐ.யில் நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பின் சமிக்ஞையை அணைத்து, காடோலினியம் ஏற்றி எடுத்தால், நரம்பைத் தொட்டு நிற்கும் கட்டியும் நரம்புக்குள் நுழைந்த கட்டியும் வேறு வேறாகத் தெரியும். இன்னொரு வசதி: மூச்சு விடும்போது நுரையீரல் உச்சி அதிகம் அசைவதில்லை. மற்ற இடங்களில் எம்.ஆர்.ஐ.யைத் தோற்கடிக்கும் எதிரி இங்கே ஏறக்குறைய இல்லை.

மூச்சுக்குழாயை அடைத்த கட்டிக்குப் பின்னால் சுருங்கிப்போன நுரையீரல் அடுத்த இடம். சாதாரண சி.டி.யில் இரண்டும் ஒரே சாம்பல் திட்டு. கட்டி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கதிர்வீச்சுத் திட்டம் போடுபவர் சுருங்கிய நல்ல நுரையீரலையும் சேர்த்துச் சுட்டுவிடுவார். ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் சுருங்கிய நுரையீரல் கட்டியைவிட அதிகமாக ஒளிர்ந்து பிரிந்து நிற்பது வழக்கம். நுரையீரல் உறையின் மீசோதெலியோமாவில், கட்டி மார்புச்சுவரையோ உதரவிதானத்தையோ துளைத்துவிட்டதா என்று பார்க்கவும் இதே முறை உதவும். மார்புச்சுவரோடு கட்டி ஒட்டியிருக்கிறதா என்ற எளிய கேள்விக்கு ஊசி கூட வேண்டாம்: மூச்சுவிடச் சொல்லித் தொடர்படம் எடுத்து, கட்டி சுவரின் மேல் வழுக்குகிறதா என்று பார்த்தால் போதும்.

கருவிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. சமிக்ஞை அழிவதற்குள் பிடித்துவிடும் மிகக் குறுகிய எதிரொலி முறையின் விதை 1991இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்கின், பாலி, மகோவ்ஸ்கி ஆகியோர் போட்டது. இன்று அது நுரையீரல் திசுவையே கிட்டத்தட்ட சி.டி. போலக் காட்டுகிறது. இன்னொரு திருப்பம், காந்தத்தைப் பலவீனமாக்குவது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் காம்ப்பெல்-வாஷ்பர்ன் குழு 0.55 டெஸ்லாவில் எடுத்த படங்களில் நுரையீரல் தெளிவாக வந்தது; புலம் பலவீனமானதால் காற்றறைச் சுவர்களில் ஏற்படும் சிதைவும் குறைந்தது. பெரிய காந்தம்தான் நல்ல காந்தம் என்று விலை ஏற்றிக்கொண்டே போன ஒரு தொழிலில் இது இதமான செய்தி. பிரிட்டனின் 'ஸ்ட்ரீம்லைன் எல்' ஆய்வு 2019இல் வேறொரு கோணத்தைக் காட்டியது: நுரையீரல் புற்றுநோயாளிக்கு முதலிலேயே முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், பரவலைக் கண்டறியும் திறன் வழக்கமான வழியின் 54 சதவீதத்துக்கு எதிராக 50, புள்ளியியல்படி வித்தியாசமில்லை. ஆனால் கட்ட நிர்ணயம் முடிய 19 நாளுக்குப் பதில் 13 நாள்; செலவு ஏறத்தாழப் பாதி. இரண்டு வழியும் பரவலில் பாதியைத்தான் பிடிக்கின்றன என்ற உண்மையும் அதே எண்களில் இருக்கிறது.

ஊசியின் ஆபத்தைப் பற்றி மருத்துவமனைகளில் இருவிதமான பேச்சு உண்டு: ஒன்றுமே இல்லை என்பது, அது விஷம் என்பது. இரண்டும் சரியில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோயைக் காடோலினியத்தோடு 2006இல் ஆஸ்திரியாவின் தாமஸ் குரோப்னர் இணைத்துக் காட்டினார். நீள்கூண்டு வகை மருந்துகள் அயனியை எளிதில் நழுவ விடுவதும், வளையக்கூண்டு வகை இறுக்கிப் பிடிப்பதும் அதன் பிறகு கவனத்துக்கு வந்தன. 2014இல் ஜப்பானின் கண்டா குழு, பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையின் உட்பகுதிகளில் காடோலினியம் தங்கியதற்கான அறிகுறியைக் கண்டது. அதனால் நோய் எதுவும் வந்ததாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் பல நீள்கூண்டு மருந்துகளை நிறுத்தியது. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற காடோபிக்லினால் பாதி அளவிலேயே வழக்கமான வெளிச்சம் தருகிறது. நுரையீரல் புற்றுநோயாளி விஷயத்தில் மறக்கக் கூடாத ஒன்று: அவருக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. போன மாதம் பார்த்த கிரியாட்டினின் எண் இந்த மாதம் செல்லாது. (ஜெர்மன் ஆறுகளில் மருத்துவமனைகளிலிருந்து வந்த காடோலினியத்தை பாவும் துல்ஸ்கியும் 1996லேயே அளந்துவிட்டார்கள். நாம் சிறுநீராகக் கழிப்பது எங்கோ போய்ச் சேரத்தானே வேண்டும்.)

இவ்வளவும் மார்பைப் பற்றி. நுரையீரல் கட்டிக்காரர் ஒருவர் 'கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.' என்று எழுதிய சீட்டோடு ஸ்கேன் மையத்துக்கு வந்தால், அது பெரும்பாலும் தலைக்காகத்தான் இருக்கும். மூளைக்குப் பரவி வரும் கட்டிகளில் மிக அதிகமானவை நுரையீரலிலிருந்து வருபவை. தலைவலியோ வலிப்போ இல்லாதவரிடமும் அவை ஒளிந்திருக்கும். ஆரம்பநிலை தாண்டிய நுரையீரல் புற்றுநோய்க்கும், எந்த நிலையானாலும் சிறுசெல் வகைக்கும், சிகிச்சைக்கு முன் மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்று நடைமுறை. இங்கே காடோலினியத்துக்கு மாற்று இல்லை. மூளையின் ரத்த நாளங்கள் ஒரு தடுப்புச் சுவரோடு கட்டப்பட்டவை. ஊசி மருந்து உள்ளே நுழைய முடியாது. பரவிய கட்டியின் நாளங்களுக்கு அந்தச் சுவர் இல்லை. எனவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கட்டி கூட வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அசைவும் இல்லை, காற்றும் இல்லை. நுரையீரலில் காடோலினியத்துக்கு எதிராக இருந்த அத்தனையும் மூளையில் அதற்குச் சாதகம். ஊசியில்லாத எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் இப்படிப்பட்ட சிறு கட்டிகளைத் தவறவிடும். பொட்டுகள் இரண்டா, பன்னிரண்டா என்பதைப் பொறுத்துக் குறிவைத்த கதிர்வீச்சா, தலை முழுவதுக்குமா, இல்லை மாத்திரையா என்பது முடிவாகும். இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் ஆசியர்களின் நுரையீரல் அடினோகார்சினோமாவில் மேற்கத்தியரைவிட அதிகம்; அந்த வகைக்கான ஒசிமெர்டினிப் மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூளை எம்.ஆர்.ஐ. என்று ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இந்த நோயாளிகள். வளையக்கூண்டு மருந்தா என்று கேட்க வேண்டியவர்களும் இவர்கள்தான்.

பிரான்சின் கிரெனோபிளில், இப்படி மூளைக்குப் பரவிய நோயாளிகளிடமே காடோலினியத்தைச் சிகிச்சைக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். கன உலோகம் கதிர்வீச்சை உள்வாங்கித் தன்னைச் சுற்றியுள்ள செல்களுக்குக் கூடுதல் சேதம் விளைவிக்கும் என்பது அடிப்படை. 'நானோ-ராட்' என்ற முதல் கட்டச் சோதனையில், மூளைக்குக் கட்டி பரவிய 15 பேருக்குக் காடோலினியம் ஏற்றிய நானோ துகள்களை ரத்த நாளத்தில் செலுத்தி, பிறகு தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் நுரையீரல் புற்றுநோயாளிகளும் இருந்தார்கள். துகள்கள் கட்டிகளில் போய்ச் சேர்ந்தன என்பதைக் காட்டியது அதே எம்.ஆர்.ஐ.; எந்தக் கட்டியில் எவ்வளவு என்று அளக்கவும் முடிந்தது. அதன் பின் இரண்டாம் கட்டச் சோதனை தொடங்கியது.